சத்திரசிகிச்சைக்குப் பிறகு வாற வருஷங்கள்

எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சை பற்றி எங்களில் பலர் பார்த்திருக்கிற ஒரே ஆவணம் அந்த இரண்டு படங்கள்தான். இடப்பக்கம் 'முன்', வலப்பக்கம் 'பின்'. வலப்பக்கப் படத்தோட கதை முடிஞ்சு போகும். பத்து வருஷம் கழிச்சு அந்த ஆள் எப்பிடி இருக்கிறார் எண்டு ஆரும் கேட்கிறதில்லை. இந்தச் சிகிச்சையின் எழுபது வருஷ வரலாற்றைப் புரட்டினால், வைத்தியர்களும் அந்தக் கேள்வியைப் பிந்தித்தான் கேட்டிருக்கிறார்கள் எண்டு தெரியும்.

தொடக்கம் அமெரிக்காவில். 1954இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெமனும் அவரது சகாக்களும், சிறுகுடலின் எந்தப் பகுதி எந்தச் சத்தை உறிஞ்சுகிறது என்று நாய்களில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். குடலின் பெரும்பகுதியை உணவு தொடாமல் செய்தால் எடை குறையும் என்ற யோசனை அந்தக் காலத்திலேயே மனிதர்களுக்கும் வந்தது. 1960களில் லொஸ் ஏஞ்சல்ஸில் பெய்ன், டிவிண்ட் என்ற இரு வைத்தியர்கள் முதலில் சிறுகுடலின் மேற்பகுதியைப் பெருங்குடலோடு நேரடியாக இணைத்துப் பார்த்தார்கள். கடும் வயிற்றோட்டம் வந்தது, ஈரல் பழுதானது. பிறகு முறையை மாற்றி, சிறுகுடலின் மேலிருந்து 14 அங்குலத்தையும் கீழிருந்து 4 அங்குலத்தையும் பொருத்தினார்கள். ஆறு மீற்றர் அளவான குடலில் அரை மீற்றருக்கும் குறைவான பகுதிதான் இனி உணவைக் காணும். பல்லாயிரம் பேருக்கு இது செய்யப்பட்டது.

எடை நல்லாவே குறைஞ்சது. படம் எடுத்திருந்தால் 'பின்' படம் அழகாக இருந்திருக்கும். ஆனால் உடம்புக்குள்ள வேற கதை நடந்தது. உணவு வராத குடற்பகுதியில் பக்ரீரியாக்கள் பெருகின; மூட்டுகள் வீங்கின, ஈரல் கெட்டது. சீரணிக்காத கொழுப்பு கல்சியத்தைப் பிடிச்சு வைச்சதால், வழமையாகக் கல்சியத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஒக்சலேற்று இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் கல்லாகியது. சிலருக்கு இதெல்லாம் வருஷக்கணக்குக்குப் பிறகுதான் வெளியில தெரிஞ்சது. ஆறு மாசத்தோட கணக்கை மூடியிருந்தால் எல்லாரும் 'வெற்றி'ப் பட்டியலில் இருந்திருப்பார்கள். கடைசியில் அந்த முறை கைவிடப்பட்டது. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டி வந்தது.

ஐயோவாப் பல்கலைக்கழகத்தின் எட்வேர்ட் மேசன் 1966இல் வேறு வழியில் போனார். புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் மெலிவதைக் கண்டு, இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் முறையை உருவாக்கினார். பழைய முறையைவிட இது பாதுகாப்பானது, ஆனால் கவனிப்புத் தேவையில்லாதது அல்ல. இரும்பும் கல்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை உணவு தொடுவதில்லை. விற்றமின் பி12 உறிஞ்சப்பட இரைப்பையின் சுரப்பு வேண்டும், அதுவும் குறைகிறது. அதனால் முதலில் நீராகாரம், பிறகு மசித்த உணவு, பிறகுதான் திட உணவு. குளிசைகளும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. தொடர்ந்து சத்தி எடுக்கிற ஆளை ஒருத்தரும் கவனிக்காமல் விட்டால், விற்றமின் பி1 தீர்ந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பியிருந்த ஆசியச் சனத்தை வாட்டின பெரிபெரி நோயின் அதே காரணம், நவீன ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனவரைத் தேடி வருகிறது.

மேசன் செய்த இன்னொரு வேலை அவ்வளவு பேசப்படுவதில்லை. 1986இல் அவர் இந்த நோயாளர்களுக்கென ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். கத்தியைக் கண்டுபிடிச்சவரே பிறகு கணக்கெடுக்கவும் உட்கார்ந்தார். 1991இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவகங்கள் கூட்டிய நிபுணர் குழு, வாழ்நாள் முழுவதும் மருத்துவக் கண்காணிப்பு அவசியம் என்று அறிவித்தது. முதல் பரிசோதனைகள் நடந்து ஏறக்குறைய நாற்பது வருஷம் போயிருந்தது.

1987இல் சுவீடனில் தொடங்கிய ஆய்வு 2,010 சத்திரசிகிச்சை நோயாளர்களையும் அவர்களோடு ஒப்பிட 2,037 பேரையும் நீண்ட காலம் பின்தொடர்ந்தது. சத்திரசிகிச்சை செய்தவர்களில் மரணவீதம் குறைவு என்பதை 2007இல் உறுதியாகச் சொல்ல முடிந்தது அதனால்தான். இன்னொன்றும் தெரிய வந்தது: இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர்கள் முதல் இரண்டு வருஷத்துக்குள் சராசரியாக 32 வீதம் எடை குறைஞ்சிருந்தார்கள், பத்து வருஷத்தில் அது 25 வீதம். அதாவது கொஞ்சம் திரும்பி ஏறுவது வழமையான விஷயம். இது தெரியாத சொந்தக்காரர் 'வாயைக் கட்டேலாத ஆள்' எண்டு கதைப்பினம். அந்தக் கதைக்குப் பயந்து கிளினிக்குக்குப் போகாமல் விடுகிறவர்களும் உண்டு.

அப்படி வராமல் போனவர்களை மருத்துவக் கட்டுரைகள் 'தொடர்பில் தொலைந்தவர்கள்' என்கின்றன. ஆர் ஆரைத் தொலைச்சது எண்டு அந்தச் சொல் சொல்லாது. தூரம், காசு, வெட்கம் எண்டு காரணங்கள் இருக்கும். அட்டவணையில் ஒரு வெற்றுக் கட்டம்தான் மிஞ்சும். ஆவணம் இல்லாத சனத்துக்கு வரலாறும் இல்லாமல் போவதை நாங்கள் வகுப்பில் அடிக்கடி படிக்கிறம். இங்க அந்த வெற்றுக் கட்டத்துக்குள்ள இருக்கிறவருக்கு பி12 குறைஞ்சு கொண்டு போகலாம். அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பது ஆற்ற பொறுப்பு எண்டு, சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கும்போதே எழுதி வைக்க வேணும்.