கருக்கு (தன்வரலாறு)

கருக்கு, எழுத்தாளர் பாமா 1992-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல். தமிழில் வெளிவந்த முதல் தலித் தன்வரலாறாக ஆய்வாளர்கள் பலர் இதைக் குறிப்பிடுவர். தாம் பட்ட அவமதிப்பையும் துயரத்தையும் ஒருவர் தம் கையாலேயே பதிவு செய்துவைப்பதன் வலிமைக்கு இது முதன்மையான சான்று.

ஆசிரியர்: பாமா 1958-இல், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊரான புதுப்பட்டியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியப் பணியை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கும் சாதிப் பாகுபாடு தொடர்வதைக் கண்டு சில ஆண்டுகளில் வெளியேறினார். கையில் வேலையோ பிடிப்போ இல்லாத அந்த நாள்களில், நண்பர் ஒருவரின் தூண்டுதலால் தம் நினைவுகளை எழுதத் தொடங்கினார்.

உள்ளடக்கம்: நூல் கால வரிசையில் செல்வதில்லை. தெருவில் கண்ட தீண்டாமை, பள்ளியில் சுமந்த பழி, காவலர் அடக்குமுறை, வயல்வேலை, விளையாட்டு, திருவிழா, மடத்து வாழ்க்கை ஆகியவை நினைவின் போக்கில் விரிகின்றன. நடை முழுவதும் அவ்வூர் மக்களின் பேச்சுத்தமிழ்.

வரவேற்பு: தங்கள் வாழ்வு அச்சேறியது கண்டு ஊரார் தொடக்கத்தில் சினந்தனர், பின்னர் ஏற்றுக்கொண்டனர். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-இல் வெளிவந்து கிராஸ்வேர்ட் விருது பெற்றது.

சிறப்பு: தனிமனிதர் வலி ஒரு சமூகத்தின் ஆவணமாகும் என்பதை இந்நூல் நிறுவியது. பல்கலைக்கழகங்களில் பாடநூலாகவும் வைக்கப்பட்டுள்ளது.