புள்ளிராஜா சொல்லாத புற்றுநோய்

ராயபுரம் வரலாறுன்னு யார் எழுத உட்கார்ந்தாலும் 1856-ல் திறந்த ரயில்வே ஸ்டேஷன்ல போய் நின்னுடறாங்க. இந்தப் பதிவு வேற. நம்ம ஏரியாவுல யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு வியாதியோட கதை. கொஞ்சம் கனமான விஷயம்தான், பொறுமையா படிங்க மக்கா.

வியாதியின் பெயர் பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்ஃபோமா. நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்களில் அபூர்வமானது, படுவேகமாக வளர்வது. 1997-ல் டெலக்லூஸ் முதலான ஆய்வாளர்கள் இதைத் தனியாக அடையாளம் கண்டு எழுதினார்கள். அவர்கள் பார்த்தது 16 நோயாளிகளை. கட்டி வந்த இடம் வாய். அந்த 16 பேரில் 15 பேருக்கு எச்.ஐ.வி இருந்தது.

வாய்க்குள்ள வர்ற கட்டிக்கும் எச்.ஐ.வி-க்கும் என்ன சம்பந்தம்?

இதுக்கு இன்னொரு வைரஸைப் பத்தித் தெரியணும். எப்ஸ்டீன்-பார் வைரஸ். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வந்த ஒரு கட்டியை டெனிஸ் பர்கிட் என்ற சர்ஜன் உகாண்டாவில் இருந்து 1958-ல் விவரித்தார். அந்தக் கட்டியின் செல்களில் 1964-ல் பிடிபட்டதுதான் இந்த வைரஸ். பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் இது உடம்புக்குள் சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். பயப்படாதீங்க :-) டி செல்கள் என்ற காவல்காரர்கள் அதைத் தலைதூக்க விடுவதில்லை.

எச்.ஐ.வி தின்பது அந்தக் காவல்காரர்களைத்தான். துறைமுக கேட்ல செக்யூரிட்டியே இல்லைன்னா எந்த லாரி வேணும்னாலும் உள்ளே போகும் இல்லையா? அதே கதை. வைரஸ் புகுந்த பி செல், பிளாஸ்மா செல்லாக மாறும் வழியில் பாதியிலேயே நின்று, கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. பாதி மாறிவிட்டதால் சிடி20 என்ற அடையாளத்தையும் தொலைத்துவிடுகிறது. அந்த அடையாளத்தைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே 1997-ல்தான். மற்ற பல லிம்ஃபோமாக்களுக்குக் கை கொடுத்த மருந்து, இதற்குப் பயன்படவில்லை. விதி!

சரி, சென்னைக்கு வருவோம்.

1985 கடைசியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஒரு ஆய்வைக் கொடுத்தார். இங்கே எய்ட்ஸ் இருக்கா பாருன்னு. அமெரிக்க நோய், நம்ம கலாசாரத்துக்கு வராதுன்னு நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் எடுத்தார். ஐஸ் பெட்டியில் வைத்து, கணவரோடு ராத்திரி ரயிலேறி வேலூர் சி.எம்.சி-க்குக் கொண்டுபோனார். அங்கே சில மாதிரிகளின் நிறம் மாறியது. இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பது அப்படித்தான் உறுதியானது.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். துறைமுகமும் லாரியும் இருக்கிற இடத்தில் ஊரை விட்டு, குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் வாழும் ஆண்கள் இருப்பார்கள். விழிப்புணர்வுத் திட்டங்கள் லாரி டிரைவர்களைத் தேடிப் போனதற்கு அதுதான் காரணம். 2000-களில் சுவரெல்லாம் புள்ளிராஜா. சிரிச்சோம், கிண்டல் பண்ணினோம். ஆனா எய்ட்ஸ்னா மெலிஞ்சு போறதும் டி.பி-யும்தான்னு மனசுல பதிஞ்சுது. புற்றுநோயாகவும் வரும்னு புள்ளிராஜா சொல்லவே இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1985-லேயே சில வேகமான லிம்ஃபோமாக்களை எய்ட்ஸின் அடையாளப் பட்டியலில் சேர்த்திருந்தது.

திருப்பம் வந்தது மாத்திரையால். 2001-ல் சிப்லா நிறுவனம் கூட்டு மருந்தை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலர் என்ற விலையில் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி மாத்திரை இலவசம். நம்ம தாம்பரம் சானடோரியமும் முதல் பட்டியலில் இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் காவல்காரர்கள் திரும்பி வருகிறார்கள், இந்த மாதிரி லிம்ஃபோமா வரும் வாய்ப்பும் குறைகிறது. வந்துவிட்டாலும் கீமோவோடு மாத்திரையும் சேர்வதால் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். சுலபம்னு சொல்ல மாட்டேன். பழைய ஆய்வுகளில் பாதிப் பேர் ஓராண்டை ஒட்டியே இறந்திருக்கிறார்கள்.

இதை ஏன் நம்ம ஏரியா பதிவா எழுதறேன்னா, காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் ஈறு வீங்கினா முதல்ல சொல்றது 'பல்லுவலி'. அது போகலைன்னா 'ஹான்ஸ் போட்டதால வந்தது'. புகையிலைப் புற்றுநோய் இங்கே அதிகம், அதனால அந்தச் சந்தேகம் தப்பில்லை. ஆனா வாரக்கணக்கில் ஆறாத கட்டியைச் சதை எடுத்துப் பரிசோதிக்காமல் எதுன்னு சொல்ல முடியாது. பல்லைப் பிடுங்கிட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இந்த நோய்க்கு லாபம்.

இன்னொன்னு. இந்தக் கட்டி வந்தாலே எச்.ஐ.வி-ன்னு முடிவு கட்டக்கூடாது. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வருகிறது. சிலருக்கு எந்தக் குறைபாடும் இல்லாமலேயே வருகிறது. தெருவில் ஒருத்தருக்கு வந்தா அவர் ஒழுக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி பண்ண வேண்டாம். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் ரத்தப் பரிசோதனைப் பக்கமே போவதில்லை. 2017-ல் வந்த எச்.ஐ.வி சட்டப்படி சம்மதமில்லாமல் பரிசோதனை செய்யக்கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. 1097-க்கு போன் போட்டால் இலவசமாக விவரம் சொல்கிறார்கள்.

சுனிதி சாலமன் 2015-ல் காலமானார். 2017-ல் பத்மஸ்ரீ. நிர்மலாவின் பெயர் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க நாலு பேருக்குச் சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. வாய்ல கட்டின்னா இந்தப் பதிவைப் படிச்சிட்டு உட்காராதீங்க, ஸ்டான்லிக்குக் கிளம்புங்க.