வேகம் விற்ற வியாபாரிகள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் போன் செய்தான். இப்போது கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பிட்காயின் எடுக்கும் இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டும் 'அப்கிரேடு கிட்' ஒன்றுக்கு மாவட்ட டீலர்ஷிப் தருகிறோம் என்று யாரோ அவனை அணுகியிருக்கிறார்கள். ஆறு லட்சம் முன்பணம். அம்மா நகையை அடகு வைக்க யோசிக்கிறான். "சார், தங்கம் தோண்டப் போறவன் தோத்தாலும் மண்வெட்டி விக்கிறவன் தோக்க மாட்டான்னு சொல்றாங்க. நீங்கதான் எங்களுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தீங்க. அது உண்மையா சார்?" என்று கேட்டான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுக் கரும்பலகையோடு காலம் தள்ளியவன். ஆனால் கேட்டது வரலாற்றுக் கேள்வி. அதனால் "ரெண்டு வாரம் டைம் கொடு, அதுவரை கையெழுத்துப் போடாதே" என்று சொல்லிவிட்டு, பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அவனுக்குச் சொன்ன பதிலை அவன் சம்மதத்தோடு எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் அந்த மண்வெட்டிக் கதை. 1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் கண்ணில் தங்கத் துணுக்குகள் பட்டன. அந்தப் பக்கம் கடை வைத்திருந்த சாமுவேல் பிரானன் மண்வெட்டி, சட்டி, சாமான்களையெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டு, சான்பிரான்சிஸ்கோ தெருவில் தங்கத்தூள் நிரம்பிய குப்பியோடு போய், "தங்கம், தங்கம்" என்று கூவினார். ஊரே ஆற்றுக்கு ஓடியது. ஓடியவர்கள் அவர் கடையில்தான் சாமான் வாங்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் முதல் மில்லியனர் என்று அவரைச் சொல்வார்கள். அவர் 1889இல் ஏழையாகச் செத்தார் என்பதை மட்டும் டீலர்ஷிப் விற்பவர்கள் சொல்வதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மண்வெட்டி அடுத்த வருடமும் மண்வெட்டிதான். தங்கம் கிடைக்காவிட்டால் கிணறு வெட்டலாம், வாய்க்கால் வெட்டலாம். பிட்காயின் இயந்திரம் அப்படி இல்லை. அது ஏன் என்று புரிய, அது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

பிட்காயின் 2009 ஜனவரி 3 அன்று தொடங்கியது. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, நடந்த பரிமாற்றங்களை ஒரு கட்டாகக் கட்டிக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தக் கட்டுக்கு ஒரு பூட்டு உண்டு. பூட்டைத் திறக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். முதலில் கண்டுபிடித்தவருக்குப் பரிசு. தொடக்கத்தில் பரிசு 50 பிட்காயின். 2012இல் 25 ஆனது, 2016இல் 12.5, 2020இல் 6.25, 2024இல் 3.125. ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும்.

இதில்தான் முக்கியமான விதி இருக்கிறது. நிறைய பேர் வேகமான இயந்திரத்தோடு வந்து பூட்டைச் சீக்கிரம் திறந்துவிட்டால், 2016 கட்டுகளுக்கு ஒரு முறை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், பூட்டு தானாகவே கடினமாகிவிடும். மறுபடி பத்து நிமிடக் கணக்குக்கு வந்துவிடும். எத்தனை பேர் வந்தாலும் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் மொத்தப் பரிசு கூடாது.

நம் ஊர்க் கதையாகச் சொன்னால் உடனே புரியும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 5 குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஏழரை போட்டார். கொஞ்ச நாள் அவருக்குத் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்து எல்லோரும் ஏழரை போட்டார்கள். நிலத்தடியில் இருக்கும் தண்ணீர் அதேதான். பிறகு ஒருவர் பத்து போட்டார். கடைசியில் எல்லோர் போரும் காற்றுத்தான் இறைத்தது. அத்தனை வருடமும் மோட்டார் கடைக்காரர் மட்டும் தவறாமல் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி கொடுத்தார்.

சரி, வேகம் கூட்டுவது என்றால் என்ன? கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னப் படிகம் தாளம் போடும். அந்தத் தாளத்துக்குத்தான் சில்லு வேலை செய்கிறது. தாளத்தை விரைவாக்கினால் வேலையும் விரைவாகும். இதைத்தான் ஓவர்கிளாக் என்கிறார்கள். இது பிட்காயினோடு பிறந்ததல்ல. 1984இல் ஐபிஎம் நிறுவனம் ஏடி என்ற கம்ப்யூட்டரை 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் விற்றது. உள்ளே இருந்தது 12 மெகாஹெர்ட்ஸ் படிகம். அதைக் கழற்றி 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் சொருகினால் வேகம் 8 ஆகும் என்று கண்டுபிடித்தார்கள். அப்போதே படிகம் விற்றுக் காசு பார்த்தவர்கள் உண்டு. ஐபிஎம் பின்னால் பயாஸிலேயே ஒரு சோதனையை வைத்து அதைத் தடுக்கப் பார்த்தது.

பிட்காயினில் முதலில் சாதாரண கம்ப்யூட்டர் போதும். 2010இல் விளையாட்டுக்கு வைத்திருந்த கிராபிக்ஸ் கார்டுகள் அந்த வேலையைப் பல மடங்கு வேகமாகச் செய்யும் என்று தெரிந்தது. கார்டு, பெரிய விசிறி, பெரிய பவர் சப்ளை எல்லாம் விற்றன. 2013இல் ஏசிக் என்ற சில்லுகள் வந்தன. அந்த ஒரு கணக்கைத் தவிர வேறெதுவும் போடத் தெரியாத சில்லு அது. அதனால்தான் மண்வெட்டியோடு ஒப்பிட முடியாது என்றேன். தோற்றுப்போன ஏசிக்கை வைத்து வீட்டுக் கணக்குக்கூட எழுத முடியாது.

அந்த 2013ஆம் வருடத்தை மட்டும் பாருங்கள். வருடத் தொடக்கத்தில் இருந்ததைவிட வருடக் கடைசியில் அந்தப் பூட்டு சுமார் 400 மடங்கு கடினமாகியிருந்தது. அந்த வருடம் சீனாவிலிருந்து பென் டிரைவ் அளவில் பிளாக் இரப்டர் என்ற ஒரு குட்டி இயந்திரம் வந்தது. ஒரு கட்டத்தில் அதன் விலையே சுமார் ஒரு பிட்காயின். அதில் இருந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பற்றவைப்புக் கோலால் எடுத்துவிட்டு வேகமான படிகத்தை வைத்துப் பார்த்தார்கள். வேகம் நிஜமாகவே கூடியது. ஆனால் பூட்டு 400 மடங்கு இறுகும் வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடி என்ன ஆகும்? ஒரு பிட்காயின் கொடுத்து வாங்கியவருக்கு அது அந்த ஒரு பிட்காயினைத் திருப்பிச் சம்பாதித்துத் தரவே இல்லை.

இங்கே கரும்பலகையில் ஒரு கணக்கு. பேனா எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பேர், ஒரே மாதிரி இயந்திரம், நாளைக்கு மொத்தப் பரிசு 1000 ரூபாய். ஆளுக்கு 10 ரூபாய். மின்செலவு 3 ரூபாய் என்றால் லாபம் 7 ரூபாய். ஒருவர் மட்டும் கிட் வாங்கி 20 சதவீதம் வேகம் கூட்டுகிறார். அதற்குச் சில்லு தாங்க மின்னழுத்தத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கிறது என்று வைப்போம். சில்லு இழுக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். 1.2 × 1.21 = 1.452. அதாவது வேகம் 20 சதவீதம் கூட, மின்செலவு 45 சதவீதம் கூடுகிறது. அவருக்கு வரவு 11.98, செலவு 4.36, லாபம் 7.62. 62 பைசா அதிகம்.

இதைப் பார்த்துவிட்டு மற்ற 99 பேரும் கிட் வாங்குகிறார்கள். மறுபடி ஆளுக்கு 10 ரூபாய்தான். செலவு மட்டும் 4.36. லாபம் 5.64. கிட் வாங்குவதற்கு முன்னால் 7 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த மனிதர், காசு கொடுத்து கிட் வாங்கி 5.64க்கு இறங்கிவிட்டார். இதில் நூறு கிட்டுக்கு உண்டான பணம் ஒருவர் பையில் இருக்கிறது. அவர் யார் என்று கடைசி பெஞ்சுக்காரனும் சொல்வான்.

மின்சாரம் விலை கூடிய ஊரில், அதே இயந்திரத்துக்கு நாளைக்கு 6 ரூபாய் ஆகிறது என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். முதலில் வாங்கியவருக்கே லாபம் 4லிருந்து 3.26 ஆகக் குறையும். ஆக, வேகம் கூட்டும் சாமான் மலிவான மின்சாரம் உள்ளவருக்கு, அதுவும் முதலில் வாங்குபவருக்குத்தான் கொஞ்ச காலம் உதவும். விவரம் தெரிந்தவர்கள் விலை கூடிய மின்சாரத்தில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

இப்போது மண்வெட்டி விற்றவர்களுக்கு வருவோம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் பட்டர்ஃப்ளை லேப்ஸ் என்று ஒரு நிறுவனம். 2012 நடுவில், வேகமான ஏசிக் இயந்திரம் தருகிறோம் என்று முன்பணம் வாங்க ஆரம்பித்தது. சின்னது 149 டாலர், பெரியது 29,899 டாலர் வரை. 2013 செப்டம்பரிலும் 20,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டிய பணத்துக்குப் பொருள் வரவில்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. வந்து சேர்ந்தவையும் தாமதத்தால் பயனற்றுப் போயிருந்தன. அறையைச் சூடாக்கத்தான் உதவும் என்று நிறுவனத்து ஆளே சொன்னதாக ஆணையம் எழுதியது. 2014 செப்டம்பரில் நீதிமன்றத்தின் மூலம் நிறுவனத்தை முடக்கினார்கள். 2016இல் சமரசம் ஏற்பட்டது. கையில் இருப்பில் இல்லாத, 30 நாளுக்குள் அனுப்ப முடியாத பொருளுக்கு முன்பணம் வாங்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. அந்த வரியை மனதில் வையுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ஒழுங்காகப் பொருள் அனுப்பியவர்கள் பிழைத்தார்களா என்றால், அதுவும் இல்லை. சுவீடனின் கேஎன்சிமைனர் பேர் வாங்கிய நிறுவனம். 2016 மே மாதம், பரிசு பாதியாகப் போகும் நேரத்தில் திவால் ஆனது. அமெரிக்காவின் ஹாஷ்ஃபாஸ்ட் 2014இலும், காயின்டெரா 2015 தொடக்கத்திலும் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. தோண்டுபவனுக்கு லாபம் இல்லையென்றால் மண்வெட்டி யார் வாங்குவார்கள்? விற்பவன் தோற்க மாட்டான் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுவிட்டது.

இன்னும் இரண்டு சம்பவம். 2016இல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9 என்ற இயந்திரம் உலகமெங்கும் ஓடியது. அதற்கு வேகம் கூட்டும் மென்பொருள்களைப் பலர் தந்தார்கள். நேர்மையானவையும் உண்டு. ஆனால் 2019 தொடக்கத்தில் சீனாவில் ஹான்ட் என்ற நச்சு நிரல் பரவி, "10 பிட்காயின் கொடு, இல்லையென்றால் விசிறியை நிறுத்தி இயந்திரத்தை எரிப்பேன்" என்று மிரட்டியது. வெளியில் சுற்றிவந்த திருத்திய மென்பொருள்களோடு சேர்ந்து வந்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். 2022 பிப்ரவரியில் என்விடியா கிராபிக்ஸ் கார்டில் எத்தீரியம் எடுக்கும் வேகத்துக்குப் போட்டிருந்த கட்டுப்பாட்டை நீக்குகிறேன் என்று ஒரு மென்பொருள் வந்தது. திறந்து பார்த்தால் அதுவும் நச்சு நிரல். அதே வருடம் செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டு, இயந்திரம் வைத்து எடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டது. அதற்கென்று கிட் வாங்கி அலமாரியில் அடுக்கியிருந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் இந்த லாபத்துக்கு 30 சதவீத வரி. இயந்திரத்துக்கும் கட்டமைப்புக்கும் செய்த செலவைக் கொள்முதல் செலவாகக் கழிக்க முடியாது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். விசிறியும் வெப்பத் தகடும் விற்பது பாவமில்லை, அதுவும் தொழில்தான் என்றும் சொன்னேன். பிறகு மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். ஒன்று, பொருள் இப்போது கையிருப்பில் இருக்கிறதா? முன்பணம் இல்லாமல் பத்து கிட் அனுப்புவார்களா? இரண்டு, வேகம் 20 சதவீதம் கூடினால் மின்செலவு எவ்வளவு கூடும் என்று எழுதித் தருவார்களா? மூன்று, இயந்திரம் கருகினால் யார் பொறுப்பு?

முதல் கேள்வியைக் கேட்ட அன்றே அவர்கள் பேச்சு குறைந்துவிட்டதாம். இரண்டாவதற்கு இன்றுவரை பதில் இல்லை. நகை வீட்டில்தான் இருக்கிறது.

அவன் கேட்க மறந்த நான்காவது கேள்வியை நான் கேட்டேன். "தம்பி, பிரானன் கடையில் சாமான் வாங்கியவர்கள் வெளியூர்க்காரர்கள். உன் கடைக்கு வருகிறவன் உன் தெருக்காரன். மேலே போட்ட கணக்கு உனக்குத் தெரிந்த பிறகும் அவனுக்கு அந்தக் கிட்டை விற்பாயா?" கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. அப்புறம் "மாட்டேன் சார்" என்றான். வகுப்பில் விடை தெரிந்தும் எழுந்து சொல்லத் தயங்கும் பையன் அவன். அன்று தெளிவாகச் சொன்னான்.

உங்களில் யாருக்காவது இப்படி அழைப்பு வந்தால், கையெழுத்துக்கு முன்னால் ஒரு போன் போடுங்கள். எனக்கு வேறென்ன வேலை? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்