கையால் கொடுத்த மூச்சு

மூச்சைப் பற்றி நாம் பேசாத நாள் இல்லை. "மூச்சுக்கு முந்நூறு தரம் சொல்கிறான்" என்கிறோம். ரகசியத்தைச் சொல்லிவிட்டு, "மூச்சு விடாதே!" என்று எச்சரிக்கிறோம். மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு 21,600 என்று நம் சித்தர்கள் கணக்கிட்டு வைத்தார்கள். அதாவது நிமிஷத்துக்குப் பதினைந்து. இன்றைய டாக்டர்கள் பன்னிரண்டிலிருந்து இருபது வரை என்கிறார்கள். கணக்கு பிசகவில்லை. ஆனால் அந்த மூச்சை இழுப்பது எது என்று கேட்டால், "ஏன், நுரையீரல்தான்!" என்று நம்மில் பலர் சொல்லிவிடுவோம்.

உண்மையில் நுரையீரல் பரம சாது. தானாக விரியும் சக்தி அதற்குக் கிடையாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல் கவிந்திருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்குகிறது. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் மார்புக் கூட்டை உயர்த்துகின்றன. உள்ளே இடம் பெருகியதும் வெளிக் காற்று பாய்ந்து வருகிறது. மூச்சுக் குழல் இரண்டாகப் பிரிந்து, பிறகு நாலாகி எட்டாகி, தலைகீழாக நட்ட மரம் போல் கிளைத்து, கோடிக் கணக்கான நுண்ணிய காற்றறைகளில் போய் முடிகிறது. அங்கேதான் கொடுக்கல் வாங்கல் எல்லாம். ரத்தம் பிராண வாயுவை வாங்கிக் கொள்கிறது. கரியமில வாயுவைக் கொடுத்துவிடுகிறது.

இந்த வியாபாரத்தில் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் முக்கியம் என்பதை 1952-ஆம் ஆண்டு கோபன்ஹேகன் நகரம் மிகுந்த துயரத்துக்குப் பின் கற்றுக் கொண்டது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருஷக் கோடையில் டென்மார்க்கின் தலைநகரை இளம்பிள்ளை வாதம் பிடித்தது. தொற்று நோய்களுக்கென்றே இருந்த பிளெக்டாம் ஆஸ்பத்திரிக்குச் சில நாட்களில் ஐம்பது பேர் வரை வந்து சேர்ந்தார்கள். வாதக் கிருமி கை கால்களை மட்டும் முடக்கினால் உயிராவது மிஞ்சும். உதரவிதானத்துக்குக் கட்டளை போகும் நரம்பணுக்களை அது தின்றுவிட்டால்? நுரையீரல் பழுதில்லாமல் இருக்கும். அதை விரிக்க ஆள் இராது. விழுங்கும் தசைகளும் செயலிழந்தால் எச்சிலும் சளியும் மூச்சுக் குழலில் இறங்கி, நோயாளி படுக்கையிலேயே நீரில் மூழ்கியவன் போல் திணறுவான்.

இதற்கு அந்நாளில் இருந்த முக்கியத் துணை 'இரும்பு நுரையீரல்.' 1928-இல் பாஸ்டன் நகரில் டிரிங்கரும் ஷாவும் செய்த யந்திரம் அது. தலையை மட்டும் வெளியே விட்டு உடலைப் பெட்டிக்குள் அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் மார்பு விரியும். பிளெக்டாமில் அத்தகைய பெட்டி ஒன்றே ஒன்றுதான். மார்பில் கவசம் போல் பூட்டும் சிறு யந்திரங்கள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் இவற்றில் வைக்கப்பட்டவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களில் இருபத்தேழு பேர் இறந்தார்கள்.

தலைமை டாக்டர் லாஸென் திகைத்தார். உடன் இருந்த பியோர்ன்போ என்ற டாக்டர், பியோர்ன் இப்ஸென் என்பவரை அழைக்கலாம் என்றார். இப்ஸென் மயக்க மருந்து டாக்டர். அறுவைக் கூடத்தில் ஓரமாக நிற்கும் ஆளுக்குத் தொற்று நோய் விடுதியில் என்ன வேலை என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் மயங்கிக் கிடப்பவனுக்கு மூச்சுக் கொடுப்பதே அவருடைய அன்றாடத் தொழில்.

இறந்தவர்களின் ரத்தத்தில் கரியமில வாயுவின் மொத்த அளவு மிகுந்திருந்தது. ரத்தத்தில் காரம் ஏறிவிட்டது, காரணம் தெரியவில்லை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். "வெளியே போக வேண்டிய வாயு போகவில்லை, அதுதான் விஷயம்" என்பது இப்ஸெனின் முடிவு. பிராண வாயுவைக் கூடுதலாகக் கொடுத்ததால் நோயாளியின் உதடு நீலம் பாரிக்கவில்லை. பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். உள்ளே நஞ்சு நிறைந்து கொண்டிருந்தது. சுவாசிப்பதைத் தமிழில் மூச்சு 'விடுதல்' என்கிறோம். வாங்குதல் என்று சொல்வது குறைவு. இந்தக் கதையைப் படித்த பிறகு அந்தச் சொல்லின் பொருத்தம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 27-ஆம் தேதி, கை கால் நான்கும் விழுந்து சாகும் தறுவாயில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியை அவரிடம் ஒப்படைத்தார்கள். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகச் செய்தார். ரப்பர் பையை அழுத்தினார். காற்று இறங்கவில்லை. சிறுமி திமிறினாள். சுற்றி நின்ற டாக்டர்கள் நம்பிக்கை இழந்து நகரத் தொடங்கினார்கள். இப்ஸென் மயக்க மருந்து செலுத்தினார். அவளுடைய சொந்த மூச்சும் நின்றது. அந்தக் கணத்தில் அவர் மனம் எப்படி இருந்திருக்கும்! மீண்டும் பையை அழுத்தினார். இம்முறை மார்பு எழுந்தது. தோலில் வியர்வை அடங்கியது. நிரூபணம் வேண்டுமே என்று அவளைக் கவச யந்திரத்துக்கு மாற்றிக் காட்டினார், நிலை மோசமாயிற்று. பைக்குத் திரும்பியதும் தேறினாள். அவள் பிழைத்தாள், 1971 வரை வாழ்ந்தாள்.

வழி கிடைத்தது. ஆனால் பையை இரவு பகலாக அழுத்த யந்திரம் எங்கே? மருத்துவ மாணாக்கர்களை அழைத்தார்கள். பல் மருத்துவம் படித்தவர்களும் வந்தார்கள். முறை போட்டுக் கொண்டு, மணிக் கணக்கில் படுக்கையருகே உட்கார்ந்து கையால் அழுத்தினார்கள். நோய் உச்சத்தில் இருந்தபோது ஒரே சமயத்தில் எழுபது பேர் இவ்விதம் மூச்சு விட்டார்கள். சுமார் 1,500 மாணாக்கர்கள், மொத்தம் 1,65,000 மணி நேரம்! நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த சாவு நாற்பது அளவுக்கு இறங்கியது.

இப்ஸென் 1953-இல் கோபன்ஹேகனில் ஏற்படுத்திய தனி விடுதியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடி என்கிறார்கள். காற்றை உள்ளே தள்ளும் யந்திரங்களும் கைப்பையின் இடத்துக்கு வந்தன. 2020-இல் வீட்டுக்கு வீடு உச்சரித்த 'வென்டிலேட்டர்' அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான். 1955-இல் ஸால்க்கின் தடுப்பு மருந்து வந்தது. இந்தியாவில் இயற்கையான இளம்பிள்ளை வாதக் கிருமி கடைசியாகத் தாக்கியது 2011-இல்.

இப்ஸெனின் புத்தி கூர்மையை நான் வணங்குகிறேன். ஆயினும் கதை எழுதுகிறவனுக்கு மனம் போவது அந்த மாணாக்கர்களிடம்தான். இருபது வயதுப் பையன் ஒருவன். பின்னிரவு மூன்று மணி. எதிரே தன் கையையே பார்த்துக் கொண்டு விழித்துக் கிடக்கும் ஒரு குழந்தை. கண் அயர முடியாது. கை ஓய முடியாது. சில சமயம் அத்தனை அழுத்தியும் குழந்தை போய்விடும். மறுநாள் முறை வந்ததும் அவன் வேறொரு படுக்கையருகே போய் உட்கார்ந்து, பையைக் கையில் எடுத்துக் கொள்வான்.