எல்சிடி, ஓஎல்இடி தொலைக்காட்சிகள் ஒப்பீடு

எல்சிடி தொலைக்காட்சி (நீர்மப் படிகக் காட்சித் தொலைக்காட்சி), ஓஎல்இடி தொலைக்காட்சி (கரிம ஒளியுமிழ் இருமுனையத் தொலைக்காட்சி) ஆகியன தட்டைத் திரைத் தொலைக்காட்சிகளின் இரு முதன்மையான வகைகள் ஆகும். முதல் வகையில், திரைக்குப் பின்னுள்ள விளக்கின் ஒளியை நீர்மப் படிகம் தடுத்தும் விடுத்தும் படத்தை உருவாக்குகிறது. இரண்டாம் வகையில் ஒவ்வொரு படவணுவும் தானே ஒளிர்கிறது. இந்தியாவில் 32 அங்குல எல்சிடி தொலைக்காட்சி ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. 55 அங்குல ஓஎல்இடி தொலைக்காட்சியின் விலை ஓர் இலட்சம் ரூபாய் அளவில் உள்ளது. இவ்விலை வேறுபாட்டிற்கு ஏற்ற பயன் கிடைக்குமா என்பது வீட்டின் ஒளி, அறையின் அளவு, ஒளிபரப்பின் தரம், மின்வழங்கல், தட்பவெப்பம் ஆகியவற்றைப் பொறுத்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் அமைந்துள்ள ஸ்ரீவைகுண்டம் போன்ற ஊர்களில் இக்காரணிகள் பெருநகரங்களில் உள்ளவாறு அமைவதில்லை.

பெயர்க் குழப்பம்

கடைகளில் "எல்இடி தொலைக்காட்சி" என்று விற்கப்படுவது உண்மையில் எல்சிடி தொலைக்காட்சியே ஆகும். பழைய எல்சிடி திரைகளில் பின்னொளிக்குக் குளிர் எதிர்முனை ஒளிர்குழாய்கள் பயன்பட்டன. பின்னர் அவற்றுக்குப் பதிலாக ஒளியுமிழ் இருமுனையங்கள் (எல்இடி) வந்தன. பின்னொளி மாறியதே தவிர, படத்தை உருவாக்கும் முறை மாறவில்லை. "கியூஎல்இடி", "மினி எல்இடி" எனப்படுபவையும் எல்சிடி வகையைச் சேர்ந்தவையே. முன்னதில் நிறத்தைத் தூய்மைப்படுத்தக் குவாண்டம் புள்ளிப் படலம் சேர்க்கப்படுகிறது. பின்னதில் மிகச் சிறிய விளக்குகள் பல பகுதிகளாகப் பிரித்து இயக்கப்படுகின்றன. பெயரில் ஓரெழுத்தே வேறுபடினும், எல்இடியும் ஓஎல்இடியும் முற்றிலும் வெவ்வேறு தொழில்நுட்பங்கள் ஆகும்.

வரலாறு

எல்சிடி

நீர்மப் படிக நிலையை 1888 ஆம் ஆண்டு ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர் கண்டறிந்தார். அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் 1968 இல் நீர்மப் படிகக் காட்சிக் கருவியை அறிவித்தனர். தொடக்கத்தில் கைக்கடிகாரங்களிலும் கணிப்பான்களிலும் பயன்பட்ட இத்தொழில்நுட்பம், பின்னர் கணினித் திரைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் பரவியது. 2007 இல் உலக அளவில் எல்சிடி தொலைக்காட்சிகளின் விற்பனை, எதிர்முனைக் கதிர்க்குழாய்த் தொலைக்காட்சிகளின் விற்பனையை முதன்முறையாக விஞ்சியது.

இத்துறையில் இந்தியப் பங்களிப்பும் உண்டு. சர் சி. வி. இராமனின் சகோதரி மகனான சி. சந்திரசேகர் (1930–2004), பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்தில் 1977 இல் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான நீர்மப் படிகங்களைத் தம் குழுவினருடன் கண்டறிந்தார். அதுவரை கோல் வடிவ மூலக்கூறுகளே நீர்மப் படிகங்களாகும் என்று பரவலாகக் கருதப்பட்டு வந்தது. இத்தகைய தட்டு வடிவச் சேர்மங்களைக் கொண்ட படலங்கள், எல்சிடி திரைகளின் பார்வைக் கோணத்தை விரிவாக்கப் பின்னாளில் பயன்பட்டன.

ஓஎல்இடி

1987 இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் சிளைக் ஆகியோர் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் கரிம ஒளியுமிழ் இருமுனையத்தை வெளியிட்டனர். 2007 இல் சோனி நிறுவனம் 11 அங்குலத் திரையுடன் முதல் ஓஎல்இடி தொலைக்காட்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013 இல் எல்ஜி நிறுவனத்தின் 55 அங்குலத் தொலைக்காட்சி வெளிவந்தது. 2022 இல் குவாண்டம் புள்ளிகளையும் நீல ஓஎல்இடியையும் இணைத்த "கியூடி-ஓஎல்இடி" வகை சந்தைக்கு வந்தது.

தமிழ்நாட்டில்

2006 சட்டமன்றத் தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் அளித்த வாக்குறுதிப்படி, தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. 14 அங்குல எதிர்முனைக் கதிர்க்குழாய்த் தொலைக்காட்சிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. 2011 இல் ஆட்சி மாறியபின் இத்திட்டம் முடிவுக்கு வந்தது. பல குடும்பங்களுக்கு அதுவே முதல் தொலைக்காட்சி. எனவே அக்குடும்பங்கள் தம் பணத்தில் முதன்முதலாகத் தேர்ந்து வாங்கிய தொலைக்காட்சி, பெரும்பாலும் அதற்கு மாற்றாக வந்த மலிவான எல்சிடி தொலைக்காட்சியாக இருந்தது.

செயற்படும் முறை

எல்சிடி திரையில் பின்னொளி, முனைவாக்கி, நீர்மப் படிகம், நிற வடிகட்டி, இரண்டாம் முனைவாக்கி என அடுக்குகள் உள்ளன. மின்னழுத்தத்திற்கேற்ப நீர்மப் படிக மூலக்கூறுகள் திரும்புகின்றன. அதனால் வெளியேறும் ஒளியின் அளவு மாறுகிறது. மூலக்கூறுகள் முழுமையாக அடைத்த நிலையிலும் சிறிதளவு ஒளி கசிகிறது. இருண்ட காட்சிகளில் கருமைக்குப் பதிலாகச் சாம்பல் நிறம் தோன்றுவது இதனாலேயே.

ஓஎல்இடி திரையில் கரிமச் சேர்மங்களாலான மெல்லிய படலங்கள் வழியே மின்னோட்டம் பாயும்போது அவை ஒளிர்கின்றன. மின்னோட்டம் இல்லாத படவணு ஒளி உமிழ்வதில்லை. பின்னொளி தேவையில்லாததால் திரை மிக மெல்லியதாக அமைகிறது.

பல ஓஎல்இடி திரைகளின் மேற்பரப்பில், அறை ஒளி எதிரொளிப்பதைக் குறைக்க வட்ட முனைவாக்கிப் படலம் ஒட்டப்படுகிறது. எல்லா நிறங்களுக்கும் ஏறத்தாழ ஒரே வகையில் செயற்படும் வட்ட முனைவாக்கியை அமைக்கும் வழியை, சந்திரசேகரின் சகோதரரான சி. பஞ்சரத்தினம் 1955 இல் பெங்களூரில் வெளியிட்டார்.

படத்தின் தரம்

மாறுபாடு: மலிவான எல்சிடி திரைகளில் மாறுபாட்டு விகிதம் ஐபிஎஸ் வகையில் ஏறத்தாழ 1000:1, விஏ வகையில் சில ஆயிரம்:1 என்ற அளவில் இருக்கும். ஓஎல்இடி திரையில் கருமை முழுமையானது என்பதால் இவ்விகிதம் பெரும் எண்ணாகிறது. இரவுக் காட்சிகள் நிறைந்த திரைப்படங்களை இருட்டறையில் காண்போருக்கு இவ்வேறுபாடு உடனே புலப்படும்.

வெளிச்சமான அறை: பகலில் சன்னல், கதவுகள் திறந்திருக்கும் கூடத்தில் வெளியொளி திரையில் பட்டு எதிரொளிப்பதால், ஓஎல்இடியின் கருமை தரும் நன்மை பெருமளவு மறைகிறது. வட்ட முனைவாக்கி இல்லாத கியூடி-ஓஎல்இடி திரைகளில் கரும்பகுதி சற்றே சாம்பலாகத் தெரியும். அதிக ஒளிர்வுள்ள எல்சிடி திரைகள் இத்தகைய அறைகளுக்கு ஏற்றவை. மிக மலிவான எல்சிடி திரைகளில் அந்த ஒளிர்வும் குறைவு.

பார்வைக் கோணம்: குடும்பத்தினர் தரையிலும் கட்டிலிலும் நாற்காலியிலும் பரவி அமரும் வீடுகளில் இது முக்கியமானது. ஓஎல்இடி திரையைப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் படம் பெரிதாக மாறுவதில்லை. எல்சிடியில் ஐபிஎஸ் வகை இதில் சிறந்தது. விஏ வகையில் பக்கவாட்டில் நிறம் வெளிறும்.

திரை அளவும் பார்க்கும் தொலைவும்

இயல்பான மனிதக் கண் ஏறத்தாழ ஒரு கோண நிமிட அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும். இதன்படி கணக்கிட்டால், ஒவ்வொரு படவணுவும் தனித்துத் தெரியாமற்போகும் தொலைவுகள் பின்வருமாறு:

* 32 அங்குலம், 1366×768 படவணுக்கள்: ஏறத்தாழ 1.8 மீட்டர்
* 55 அங்குலம், 1920×1080 படவணுக்கள்: ஏறத்தாழ 2.2 மீட்டர்
* 55 அங்குலம், 3840×2160 படவணுக்கள் (4கே): ஏறத்தாழ 1.1 மீட்டர்

பத்தடி (3 மீட்டர்) தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு 55 அங்குலத் திரையில் 4கே தெளிதிறனின் கூடுதல் நுணுக்கம் பெரும்பாலும் புலப்படாது. ஓஎல்இடியின் மாறுபாடு அத்தொலைவிலும் புலப்படும். தெளிதிறனுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் இருக்கைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தொலைவை அளப்பது நலம்.

ஒளிபரப்பின் தரம்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் தொலைக்காட்சியின் முதன்மை மூலம் நெடுங்காலமாகக் கம்பிவடமாகவே இருந்து வந்துள்ளது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007 இல் நிறுவப்பட்டு, 2011 இல் மாதம் 70 ரூபாய் கட்டணத்துடன் புத்துயிர் பெற்றது. கம்பிவட அலைவரிசைகளில் பல 720×576 படவணுக்கள் கொண்ட வழமைத் தெளிதிறனில் வருகின்றன. 4கே திரையிலுள்ள படவணுக்களின் எண்ணிக்கை இதைப்போல 20 மடங்காகும். எஞ்சிய படவணுக்களைத் தொலைக்காட்சி தானே ஊகித்து நிரப்புகிறது. அதிகம் சுருக்கப்பட்ட ஒளிபரப்பின் குறைகள் பெரிய, தரமான திரையில் மறைவதற்கு மாறாக மேலும் வெளிப்படுகின்றன. இணையவழி உயர்தெளிதிறன் படங்களையும் நிகழ்படச் சேவைகளையும் முதன்மையாகப் பார்க்கும் வீட்டிலேயே ஓஎல்இடியின் திறன் முழுமையாகப் பயன்படும்.

ஆயுளும் பழுதும்

உருப்படிவு: ஓஎல்இடியின் கரிமச் சேர்மங்கள் ஒளிர ஒளிரத் தேய்கின்றன. ஒரே உருவம் ஒரே இடத்தில் நெடுநேரம் ஒளிர்ந்தால் அப்பகுதி மட்டும் விரைவாகத் தேய்ந்து, அதன் நிழல் நிலையாகத் தங்கும். திரையின் மூலையில் அலைவரிசைச் சின்னமும் அடியில் ஓடும் செய்திவரியும் கொண்ட செய்தி அலைவரிசைகளை நாள் முழுதும் ஓடவிடும் வீடுகளில் இவ்வாய்ப்பு மிகுதி. உத்தரவாதத்தில் இக்குறை பெரும்பாலும் அடங்குவதில்லை. எல்சிடி திரைகளில் இச்சிக்கல் அரிது.

மின்னிணைப்பு: ஓஎல்இடி தொலைக்காட்சிகள் சில மணிநேரப் பயன்பாட்டிற்குப் பின், அணைந்திருக்கும்போது தேய்மானத்தைச் சமன்செய்யும் பணியைத் தாமே செய்துகொள்கின்றன. தொலைவியக்கியால் அணைத்தவுடன் சுவரிலுள்ள மின்னாளியையும் அணைக்கும் வழக்கம் தமிழக வீடுகளில் பரவலானது. அவ்வாறு செய்தால் இப்பணி தடைபட்டு உருப்படிவு விரைவுபடலாம். இடி மின்னலின்போது இணைப்பைத் துண்டிப்பது இரு வகைக்கும் தேவையானதே.

வெப்பமும் உப்புக்காற்றும்: வெப்பம் கூடுந்தோறும் கரிமப் படலங்களின் தேய்மானம் விரைவுபடுகிறது. ஈரப்பதமும் ஆக்சிசனும் அவற்றைக் கெடுப்பதால் திரை காப்புறையிட்டு மூடப்படுகிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரு வகைத் தொலைக்காட்சிகளின் மின்சுற்றுப் பலகைகளையும் இணைப்பு முனைகளையும் அரிக்கும்.

பழுதுபார்த்தல்: மலிவான எல்சிடி தொலைக்காட்சிகளில் பரவலாக ஏற்படும் பழுது பின்னொளிப் பட்டை எரிந்துபோவது ஆகும். ஒலி கேட்கும், படம் தெரியாது. உள்ளூர்ப் பழுதுநீக்குநரே குறைந்த செலவில் பட்டையை மாற்றிவிட இயலும். ஓஎல்இடி திரை பழுதானால் பலகம் முழுவதையும் மாற்றவேண்டும். அதன் செலவு புதிய தொலைக்காட்சியின் விலையை நெருங்கக்கூடும்.

வெள்ளம்: 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செமீ மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னை சென்ற செந்தூர் விரைவுத் தொடர்வண்டியின் பயணிகள் சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டம் பகுதியில் சிக்கிக்கொண்டனர். தாமிரபரணி வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து வீட்டுப் பொருட்களை அழித்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளின் குடும்பங்களுக்கு மாநில அரசு 6000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 32 அங்குல எல்சிடி தொலைக்காட்சி ஒன்றின் விலைக்கும் அது போதுமானதன்று. ஆற்றுப்படுகை ஊர்களில் தாழ்வான மேசையில் வைப்பதைவிடச் சுவரில் உயரமாகப் பொருத்துவது பாதுகாப்பானது. நனைந்த தொலைக்காட்சியை ஆய்வு செய்யாமல் இயக்குதல் கூடாது.

மின் நுகர்வு

எல்சிடியின் மின் நுகர்வு பெரும்பாலும் பின்னொளியைப் பொறுத்தது. ஓஎல்இடியில் அது படத்திற்கேற்ப மாறும். வெண்மை மிகுந்த காட்சிகளில் கூடும். எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 5 மணிநேரம் என இரு மாதங்களுக்கு 300 மணிநேரம் இயங்கினால், 40 வாட் எல்சிடி தொலைக்காட்சி 12 அலகும், 120 வாட் ஓஎல்இடி தொலைக்காட்சி 36 அலகும் செலவழிக்கும். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 அலகு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அவ்வரம்பிற்குள் இருக்க முயலும் குடும்பத்திற்கு 24 அலகு என்பது சிறிய வேறுபாடு அன்று. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி திரை அளவினால் வருவது. ஒரே அளவுள்ள திரைகளை ஒப்பிட ஆற்றல் திறன் செயலகத்தின் நட்சத்திரக் குறியீட்டைக் காணலாம்.

விலையும் வரியும்

2025 செப்டம்பர் 22 வரை 32 அங்குலத்திற்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கு 28 விழுக்காடும், 32 அங்குலம் வரையுள்ளவற்றுக்கு 18 விழுக்காடும் சரக்கு, சேவை வரி விதிக்கப்பட்டது. அந்நாள் முதல் பெரிய திரைகளுக்கும் 18 விழுக்காடே விதிக்கப்படுகிறது. அடக்கவிலை மாறாதிருப்பின் இது பெரிய தொலைக்காட்சியின் விலையில் ஏறத்தாழ 8 விழுக்காட்டுக் குறைவாகும். ஆயினும் இரு வகைக்கும் இடையிலான இடைவெளியை இது நீக்கிவிடவில்லை.

தேர்வு

பின்வரும் நிலைகளில் எல்சிடி தொலைக்காட்சி பொருத்தமானது:

* பகல் வெளிச்சம் மிகுந்த கூடம்
* கம்பிவட ஒளிபரப்பையும் செய்தி அலைவரிசைகளையும் மிகுதியாகப் பார்த்தல்
* அடிக்கடி மின்தடை, அருகில் நிறுவனச் சேவை மையம் இல்லாமை
* வெள்ள வாய்ப்புள்ள தாழ்வான வீடு

பின்வரும் நிலைகளில் ஓஎல்இடி தொலைக்காட்சி பொருத்தமானது:

* இருளாக்கக்கூடிய அறை, திரைப்படங்களை மிகுதியாகப் பார்த்தல்
* விரைவான இணைய இணைப்பும் உயர்தெளிதிறன் மூலங்களும்
* பல கோணங்களில் அமர்ந்து பார்க்கும் பெரிய குடும்பம்
* திரை பழுதானால் ஏற்படும் செலவைத் தாங்கும் பொருள்வசதி

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட விலையில், பகுதிவாரியாக ஒளி மங்கும் பின்னொளி கொண்ட எல்சிடி தொலைக்காட்சிகள் கிடைக்கின்றன. அவை கருமையில் ஓஎல்இடியை ஓரளவு நெருங்குகின்றன. உருப்படிவுச் சிக்கலும் அவற்றில் இல்லை.

இவற்றையும் பார்க்க

* நீர்மப் படிகம்
* ஒளியுமிழ் இருமுனையம்
* எதிர்முனைக் கதிர்க்குழாய்
* இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம்
* ஸ்ரீவைகுண்டம்