பல் அடைப்பும் வயசும்: மானிப்பாயிலிருந்து ஒரு பழைய கதை



கன்னத்தைப் பொத்திக்கொண்டு வகுப்பில் இருக்கிற பிள்ளையை ஆசிரியர்கள் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். கேட்டால், "சூத்தைப் பல்லு சேர்" என்பார்கள். அந்தச் சூத்தையை அடைக்கிற சாம்பல் நிற அமல்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

அமல்கத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். மீதி வெள்ளி, தகரம், செம்பு. 1833 இல் அது நியூயோர்க்குக்கு வந்தது. பாதரசத்துக்குப் பயந்து, 1845 இல் அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் ஒன்று, அதைப் பாவிக்கமாட்டோம் என்று தன் உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்டது. அந்தச் சண்டை நடந்த காலத்தில், 1847 இல், நியூயோர்க்கில் மருத்துவம் படித்த சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருடம் எங்கள் மானிப்பாயில் மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கினார். 1856 இல் அந்தச் சங்கமே கலைந்தது. தங்கத்தால் அடைக்க வசதியில்லாதவர்களுக்கு மலிவான அமல்கம் கைகொடுத்தது.

பிறகு அது சின்னப் பிள்ளைகளிடம் போனது. 1921 இல் நியூசிலாந்து, இளம் பெண்களைப் பயிற்றுவித்துப் பாடசாலைப் பிள்ளைகளின் பல்லை அடைக்க அனுப்பியது. 1950களில் அந்த முறை எங்கள் நாட்டுக்கும் வந்தது. மகரகமையில் பயிற்சிப் பாடசாலை அமைந்தது.

இப்போது கதை திரும்பியிருக்கிறது. பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இலங்கை 2017 இல் ஏற்றது. 2022 இல் அதன் நாடுகள் எடுத்த முடிவு: வைத்தியர் அவசியமென்று கருதினாலன்றி, பாற்பல்லுக்கும், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் அமல்கம் வேண்டாம். முன்பு அதைப் பெற்ற பிள்ளைகளே இன்று முதலில் விலக்கப்படுகிறார்கள். அவர்களுக்குப் பல் நிறத்திலான வேறு அடைப்புகள் உண்டு.

ஆகவே தாய்மாரே, பல் வைத்தியர் வயசையும் கர்ப்பத்தையும் கேட்பது சும்மா இல்லை. இரண்டு மாதமென்றாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பழைய அடைப்பு நல்லாயிருந்தால் பயந்து கழற்றவேண்டாம். கழற்றும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளிவரும். "பாற்பல்லுத்தானே, விழட்டும்" என்று பிள்ளையை வலியோடு விடவும் வேண்டாம்.

எங்கள் சனம் விளங்கவேண்டுமென்று கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். அந்த ஊரில் இருந்துகொண்டு, விளங்காத எதையும் கேட்காமல் வாயைத் திறக்கலாமா?