பெயர்ப்பலகையை நம்பியதால் போன விரலும், கொஞ்சம் வரலாறும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சீனி வருத்தம் உள்ள வாப்பாவோ உம்மாவோ இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

போன வருடம் உம்மாவின் வலது காலில் ஆணி வந்தது. உம்மாவுக்கு 18 வருடமாகச் சீனி. டவுனில் ஒரு மாடியில் ‘பாத சிகிச்சை நிபுணர்’ என்று போர்ட் போட்டிருந்த இடத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். வெள்ளைக் கோட், சுவரில் கண்ணாடி போட்ட மூன்று சேர்ட்டிபிகட், மரியாதையான பேச்சு. பிளேடால் ஆணியைச் சீவி எடுத்தார். உம்மா “ஒரு துளி வலி இல்ல மகன்” என்றார். அதைக் கைராசி என்று நினைத்தோம். சீனியால் காலின் உணர்ச்சி குறைந்தவருக்கு வெட்டுப்பட்டாலும் வலிக்காது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பத்தாம் நாள் சின்ன விரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துத்தான் காலைக் காப்பாற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

வார்ட்டில் டொக்டர் கேட்டார்: “யார் வெட்டினது? எங்க பதிவு செஞ்ச ஆள்?” எனக்குப் பதில் இல்லை. வகுப்பில் பிள்ளைகள் எதைச் சொன்னாலும் “இதுக்கு ஆதாரம் என்ன?” என்று கேட்கிற வரலாற்று ஆசிரியன் நான். உம்மாவின் காலை ஒருவர் கையில் கொடுக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் ‘பதிவு’ என்பதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1660இல் கண்டி மன்னனிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 19 வருடம் இந்த மலைநாட்டில் வாழ்ந்தார். கண்டிக்குப் பக்கத்து எலதெத்தவில் அவருக்கு வீடு இருந்தது. 1681இல் லண்டனில் வெளியான தன் நூலில், இங்கே தொழில்முறை வைத்தியர் என்று தனியாக எவரும் இல்லை, எல்லோருக்கும் கொஞ்சம் மருந்து தெரியும், அவரவரே தமக்கு வைத்தியர் என்கிறார். கிராமத்து வாழ்க்கை அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அரண்மனைக்கு வைத்தியப் பரம்பரைகள் இருந்தன. அதில் எங்களவர்களும் இருந்தார்கள். கேகாலைப் பக்கம் கெட்டபேரியவின் கோபால முதலி பரம்பரை மன்னர்களுக்கு மருந்து கொடுத்த முஸ்லிம் குடும்பம். காலியில் வைத்தியம் பார்த்த சுலைமான் குட்டியாவை மன்னர் அழைத்துக் கம்பளையில் குடியமர்த்தியதையும் வரலாறு சொல்கிறது.

அந்தக் காலத்தில் லைசன்ஸ் ஏது? மன்னர் கொடுத்த காணிதான் லைசன்ஸ். கிராமத்திலோ ஊரின் ஞாபகமே பதிவேடு. என் சின்ன வயதில் சுன்னத்துக்கு வந்த ஒஸ்தா மாமாவிடம் யாரும் சேர்ட்டிபிகட் கேட்டதில்லை. அவருடைய வாப்பாவையும் மூத்த வாப்பாவையும் ஊருக்கே தெரியும். ஒரு பிள்ளைக்குப் பிழைத்துப்போனால் அடுத்த வெள்ளி பள்ளிவாசல் முற்றத்தில் அவர் பதில் சொல்ல வேண்டும். வேறு ஊருக்கு ஓடவும் முடியாது.

ஊர் பெரிதானால் அந்த ஞாபகம் போதாது. பக்தாதில் அதுதான் நடந்தது. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. வைத்தியர் ஒருவரின் பிழையால் ஒரு நோயாளி இறந்த செய்தி கலீபா முக்ததிருக்கு எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் என்ற தலைமை வைத்தியர் சோதித்து அனுமதித்தால் ஒழிய இனி எவரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று கட்டளை பிறந்தது. பெயர் பெற்றவர்களையும் அரச சேவையில் இருந்தவர்களையும் விட்டுவிட்டே 860க்கும் மேற்பட்டோர் சோதனைக்கு வந்தார்களாம்.

இதில் ஒரு சம்பவம் உண்டு. நல்ல உடை, கம்பீரமான தோற்றத்தோடு ஒரு பெரியவர் வந்தார். ஸினான் மரியாதையாகப் பக்கத்தில் உட்காரவைத்தார். எல்லோரும் போன பிறகு பெரியவர் காசை எடுத்து வைத்து, எனக்கு எழுதவோ வாசிக்கவோ தெரியாது, பிள்ளை குட்டிக்காரன், பிழைப்பில் மண் போடாதீர்கள் என்றார். ஸினானுக்குச் சிரிப்பு வந்தது. தெரியாத நோயில் கை வைக்காதே, சும்மா இரத்தம் எடுக்காதே என்று நிபந்தனை போட்டு விட்டுவிட்டார். அடுத்த நாள் ஓர் இளைஞன் வந்தான். யாரிடம் படித்தாய் என்றால், வாப்பாவிடம் என்றான். வாப்பா யார் என்றால், நேற்று வந்த அதே பெரியவர்!

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். உம்மாவின் விரல் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. முறைப்பாடு செய்யப் போகிறேன் என்றதும் எங்கள் சொந்தக்காரர்கள் சொன்னதும் அதேதான்: “விடுங்க, அவரும் பிள்ளை குட்டிக்காரன்.” பதினொரு நூற்றாண்டாக மாறாத வசனம். மருத்துவம் தெரிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் பார்த்தால் வரும் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் இருக்கிறது. எங்கள் இரக்கத்துக்கும் ஓர் எல்லை இருக்க வேண்டும்.

இன்றைய பதிவேட்டு முறை எங்களுக்கு ஆங்கிலேயர் வழியாக வந்தது. 1858ஆம் ஆண்டின் பிரித்தானிய மருத்துவச் சட்டம் தன் முதல் வரிகளிலேயே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: தகுதி உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று வைத்தியம் தேடி வருபவர் பிரித்தறிய வேண்டும். பதிவேடு டொக்டரின் பெருமைக்காக வந்ததல்ல. நோயாளிக்காக வந்தது. அதைத் திறந்து பார்ப்பது அவமரியாதை அல்ல, அதன் நோக்கமே அதுதான்.

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் ஆரம்பமானது. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் இலங்கை மருத்துவ சபையின் அடித்தளம். ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றும் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வந்தன. அதற்குத் தனிச் சபை, தனிப் பதிவேடு. தாதியருக்கு 1988இல் தனிச் சட்டம். தனியார் மருத்துவ நிலையங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 2006இன் சட்டம். ஆகவே யூனானி வைத்தியர் ஒருவரின் பெயர் மருத்துவ சபையில் இல்லை என்பதற்காக அவரைப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். எந்தப் பதிவேட்டில் தேட வேண்டும் என்று தெரிந்து தேடுங்கள்.

பாத சிகிச்சைக்கு வருவோம். இங்கிலாந்திலும் இது நாவிதர், ஆணி வெட்டுபவர் கையில் இருந்த தொழில்தான். 1960ஆம் ஆண்டின் சட்டம்தான் பிசியோதெரபி போன்ற துறைகளோடு இதற்கும் அரச பதிவேடு கொடுத்தது. இன்று ‘பொடியாட்ரிஸ்ட்’, ‘கிரோபொடிஸ்ட்’ என்ற இரண்டு பட்டங்களையும் பதிவில்லாதவர் அங்கே போட்டுக்கொள்வது குற்றம். ஆனால் ‘பாத நலப் பயிற்சியாளர்’ என்ற மாதிரிப் பெயர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரு சொல் மாறினால் சட்டமும் மாறிவிடும். போர்டில் இருப்பதை எழுத்தெண்ணி வாசிக்க வேண்டும் என்பது அதனால்தான்.

எங்கள் பக்கம் பலருக்கு இந்தப் பெயரே புதிது. எனவே யாராவது ‘பாத நிபுணர்’ என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். நீங்கள் டொக்டரா, வேறு துறையா? எந்தச் சபையில் பதிவு, இலக்கம் என்ன? வெளிநாட்டில் படித்தவர் என்றால் எந்த நாட்டுப் பதிவேடு? டொக்டரின் சீலில் மருத்துவ சபைப் பதிவிலக்கம் இருக்கும். சபையின் இணையத்தளத்தில் பெயரையோ இலக்கத்தையோ போட்டுத் தேடலாம். பிரித்தானியப் பதிவையும் அவர்களுடைய தளத்தில் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். சுவரில் தொங்குகிற சேர்ட்டிபிகட் படித்ததற்கு ஆதாரமாகலாம். பதிவுக்கு ஆதாரமாகாது. இரண்டு நாள் பயிற்சிக்கும் சேர்ட்டிபிகட் கொடுப்பார்கள்.

சீனி உள்ளவர்களின் காலில் ஆணியோ காய்ப்போ வந்தால், பிளேடு படுவதற்கு முன் உங்கள் சீனி கிளினிக்கில் காட்டுங்கள். காயம் என்றால் அன்றைக்கே காட்டுங்கள். தினமும் இரவில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் ஒருவர் பார்த்துவிடுங்கள்.

அந்த ஆளின் பெயரை கொமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். ஒரு பெயரைச் சொன்னால் அவரை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த போர்டை நம்பிப் போவோம்.

இப்போது உம்மாவின் காலை ஒவ்வோர் இரவும் நான்தான் பார்க்கிறேன். போன வாரம் கிளினிக்கில் புதிதாக வந்த டொக்டரிடம் உம்மாவே கேட்டார்: “மகன், ஒங்கட நம்பர் என்ன?” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பிள்ளை கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சீலைத் திருப்பிக் காட்டினார்.